வாங்குவது சுலபம், பணத்தை வெளியே எடுப்பதுதான் பாடு: வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு தமிழ்நாட்டில் வீடு, மனை

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் சென்னையில் ஃபிளாட் வாங்கலாமா என்று கேட்டால் தரகர் சொல்வது ஒரே பதில்தான்: “தாராளமா வாங்கலாம் சார், பாஸ்போர்ட் காப்பி மட்டும் அனுப்புங்க.” சார்பதிவாளர் அலுவலகத்திலும் பெரும்பாலும் யாரும் குறுக்கே நிற்பதில்லை. பத்திரம் பதிவாகும், பட்டா மாறும், சொத்து வரி ரசீதும் உங்கள் பெயருக்கு வரும். பத்து வருடம் கழித்து விற்று, பணத்தை டொரோண்டோவுக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பப் போகும்போதுதான் வங்கியில் இரண்டு கேள்வி வரும். வாங்கிய அன்று உங்களிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்ததா? கட்டிய பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது? இந்த இரண்டுக்கும் பதில் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு திருத்த வழி குறைவு.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, உங்களைப் பார்க்கும் கண்ணும் வருமான வரிச் சட்டம் பார்க்கும் கண்ணும் வேறு. ஃபெமாவின் கீழ் 2019 அக்டோபர் 17 அன்று வந்த விதிகள்தான் இப்போது நடைமுறையில் உள்ளவை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வசிப்பவர் என்ஆர்ஐ. அவர் வீடு, மனை, கடை வாங்க அனுமதி எதுவும் தேவையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்து ஓசிஐ அட்டையும் இருந்தால் அவருக்கும் அதே உரிமை. “என் அப்பா காரைக்குடிக்காரர், எனக்கு எதற்கு அட்டை?” என்று கேட்கும் மலேசியத் தமிழர்கள் உண்டு. பழைய விதிகளில் இந்திய வம்சாவளி என்பதே போதுமானதாக இருந்தது. 2018 மார்ச்சில் அது போய்விட்டது. இன்று அட்டை கையில் இல்லாத வம்சாவளியினர், சொத்து விஷயத்தில் ஒரு நார்வேக்காரருக்குச் சமம். முதலில் அட்டை, பிறகு அட்வான்ஸ். வரிசை மாறக்கூடாது.

அந்த நார்வேக்காரருக்கு என்ன உரிமை? வெளிநாட்டில் வசித்தால் வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகை எடுக்கலாம், அவ்வளவே. இந்தியாவில் வேலைக்கோ தொழிலுக்கோ வந்து, முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் தங்கியிருந்தால் அவர் இங்கு வசிப்பவர் ஆகிறார், வாங்கலாம். சுற்றுலா விசாவில் ஏழு மாதம் மாமல்லபுரத்தில் தங்கியதை இதற்குக் கணக்கில் சேர்க்க முடியாது. வந்த நோக்கமும் பார்க்கப்படும்.

இலங்கைத் தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, நேபாளம் முதலானவற்றோடு இலங்கையும் உள்ள ஒரு பட்டியல் விதிகளில் இருக்கிறது. இந்த நாடுகளின் குடிமக்கள் இந்தியாவில் வசித்தாலும் சரி, வசிக்காவிட்டாலும் சரி, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஓசிஐ அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இன்று கனடாக் குடிமகனாக மட்டும் இருப்பவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். நார்வேக்காரரின் நிலைதான் அவருக்கு. கனடாவோடு இலங்கைக் குடியுரிமையையும் வைத்திருந்தால் பட்டியலுக்குள் வந்துவிடுவார். இந்தியக் குடிமகளையோ ஓசிஐ அட்டைக்காரரையோ மணந்து, பதிவான திருமணம் இரண்டு வருடம் கடந்திருந்தால், துணைவர் என்ற முறையில் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை இல்லாத துணைவரும் என்ஆர்ஐ அல்லது ஓசிஐ கணவர், மனைவியோடு கூட்டாக ஒரே ஒரு சொத்து வாங்க விதி இடம் தருகிறது. அங்கும் அதே இரண்டு வருடக் கணக்கு உண்டு. துணைவர் தடைப்பட்டியல் நாட்டுக் குடிமகனாக இருக்கக்கூடாது.

இவை எதிலும் இடம் கிடைக்காதவர்கள் சென்னையில் இருக்கும் சித்தப்பா பெயரிலோ நண்பர் பெயரிலோ வாங்கிப் போடுவது வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் பழகிப்போன வழி. பினாமிச் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு அது கத்தி மேல் நடப்பதுதான். சொத்து பறிமுதல், ஒன்று முதல் ஏழு வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். அதைவிட நடைமுறை ஆபத்து இன்னொன்று. சித்தப்பா காலமானால் அவர் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்பார்கள். “என் பணம்” என்று நீதிமன்றத்தில் கேட்கும் வழியையும் அதே சட்டம் அடைத்து வைத்திருக்கிறது.

அடுத்தது நிலத்தின் வகை. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் மூன்றையும் என்ஆர்ஐயும் ஓசிஐயும் வாங்கக்கூடாது. கொடைக்கானல் அடிவாரத்திலும் மதுராந்தகம் பக்கமும் “கால் ஏக்கர் மாந்தோப்பு, பராமரிப்பு எங்கள் பொறுப்பு” என்று விற்கப்படுபவை எல்லாம் இதற்குள்தான் வரும். விளம்பரத்தில் வில்லா என்று போட்டிருப்பதால் நஞ்சை மனை ஆகிவிடாது.

வாங்கத்தான் தடை, வாரிசாக வந்தால் தடையில்லை. இந்த நுணுக்கத்தில் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. பையன் அமெரிக்கக் குடிமகன், ஓசிஐ வைத்திருப்பவர். அப்பா “உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்” என்று தானசெட்டில்மெண்ட் போடுகிறார். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. மலிவுதான். ஆனால் விவசாய நிலத்தை வெளிநாட்டில் வசிப்பவர் தானமாகப் பெறுவது ஃபெமா மீறல். அதே நிலத்தை அதே அப்பா உயில் எழுதி வைத்து, அவர் காலத்துக்குப் பிறகு பையனுக்கு வந்தால் முழுக்கச் சட்டப்படி செல்லும். அப்படி வந்த நிலத்தை விற்கும்போது இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம். வீடு, மனையாக இருந்தால் செட்டில்மெண்ட்டும் சரி, உயிலும் சரி, சிக்கலில்லை.

“பட்டாவில் புன்செய் என்று இருக்கிறதே, இது மனையா விவசாய நிலமா?” என்ற கேள்வி அடிக்கடி வரும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவிலும் வருவாய்ப் பதிவேட்டில் புன்செய் என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருப்பது உண்டு. அப்போது கையில் இருக்க வேண்டியவை: சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணோடு கூடிய மனை வரைபடம், பத்திரத்தின் சொத்து விவரத்தில் அதே எண்ணும் மனை எண்ணும், சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரத்தின் நகல், உட்பிரிவு செய்த தனிப்பட்டா. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதியை மனதில் வையுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்ததைத் தொடர்ந்து, 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுக்குத்தான் அவை பொருந்தும். பிறகு வெட்டிய மனைக்கு “வரன்முறை வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

இனி பணம் போகும் பாதை. மூன்றே வழிதான்: வெளிநாட்டு வங்கியிலிருந்து நேராக வரும் பணம், என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் வைப்பது) அல்லது எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டு நாணயத்திலேயே வைப்பது) கணக்கு, என்ஆர்ஓ (இந்தியாவில் வரும் வருமானத்துக்கானது) கணக்கு. வெளிநாட்டு நோட்டாகவோ டிராவலர்ஸ் செக்காகவோ கொடுக்கக்கூடாது. முதல் இரண்டு வழியில் கட்டியிருந்தால், குடியிருப்பு என்றால் இரண்டு வீடுகள் வரை, விற்ற பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் உரிமை உண்டு. மற்ற எல்லாம் என்ஆர்ஓ கணக்கில் விழுந்து, ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் போகும். பலருக்கு அந்த வரம்பே தாராளம்தான். ஆனாலும் எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இல்லையென்றால் இரண்டு வழியிலும் இழுபறி.

வழக்கமாக நடக்கும் தப்பு இது. மகன் துபாயிலிருந்து அப்பாவின் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு மாதாமாதம் அனுப்புகிறார். அப்பா அதிலிருந்து பில்டருக்குச் செக் கொடுக்கிறார். பத்திரம் மகன் பெயரில். ஊர்ப்பார்வையில் மகன் சம்பாத்தியம். வங்கிப் பார்வையில் மகன் அப்பாவுக்குக் கொடுத்த பணம், அப்பா தன் பணத்தில் மகனுக்குக் கட்டிய வீடு. என்ஆர்இ வழி உரிமை அங்கேயே போயிற்று. பில்டருக்குப் போகும் ஒவ்வொரு தவணையும் வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே போகட்டும். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் எஃப்ஐஆர்சி சான்றை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பத்து வருடத்துக்குப் பின் கிளை இடம்மாறி, வங்கியே வேறொன்றில் இணைந்திருக்கும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கம் என்ற நம்மூர் வழக்கம் வெளிநாட்டில் இருப்பவருக்கு இரட்டை நட்டம்: அந்த ரொக்கத்துக்குக் கணக்குக் கிடையாது, விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

பதிவுச் செலவு மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். புதிய அடுக்குமாடியில் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பர் 1 முதல் நிலப்பங்கும் கட்டடமும் சேர்ந்து ஒரே பத்திரம்: 50 லட்சம் வரை 6, மூன்று கோடி வரை 7, அதற்கு மேல் 9 சதவீதம்.

நேரில் வர முடியாதவர்கள் அதிகார ஆவணம் அனுப்புவார்கள். பொது அதிகாரம் வேண்டாம். இன்ன சர்வே எண், இன்ன பரப்பு, வாங்க மட்டும் அல்லது விற்க மட்டும் என்று சிறப்பு அதிகாரமாக எழுதுங்கள். விற்கும் அதிகாரம் கொடுத்தால் பணம் உங்கள் கணக்கில்தான் விழ வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டால் பதிவு அலுவலகத்தில் கேள்வி குறைவு. தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அந்த மூன்று மாதம் எண்ணப்படுவது வந்து சேர்ந்த தேதியிலிருந்து. அதனால் கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தேதிக்குச் சாட்சி அதுதான். முகவர் பத்திரம் பதியப் போகும்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்.

இதில் மாட்டவைப்பது தலைப்பெழுத்து. பழைய பத்திரத்தில் “எஸ். முருகன்”, பாஸ்போர்ட்டில் “முருகன் சுப்பையா”, ஓசிஐ அட்டையில் குடும்பப் பெயர் முன்னே, பான் அட்டையில் விரித்த தலைப்பெழுத்து. நான்கும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்திரத்தில் “எஸ். முருகன் என்கிற முருகன் சுப்பையா” என்று பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்து எழுதச் சொன்னால் விற்கும்போது ஒரு பிரமாண வாக்குமூலம் மிச்சம்.

வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப்போட வேண்டும். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் வில்லங்கம் “இல்லை” என்றுதான் வரும். 112/3ஏ1 என்றால் 112/3, 112 என்று தாய் எண்களையும், 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் அளவைக்கு முந்தைய பழைய எண்ணையும் போட்டுத் தேட வேண்டும். பதிவாகாத உயில், நீதிமன்ற வழக்கு இவை வில்லங்கச் சான்றில் தெரியாது. கிராம நிலங்களின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் நகலைத் தவறாமல் வாங்குங்கள். கோயில் நிலம், வக்ஃபு, ஏரிப் புறம்போக்கு, பஞ்சமி நிலம் ஆகியவற்றின் வாடை முதலில் அடிப்பது அந்தப் பதிவேட்டில்தான். பஞ்சமி நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும், பட்டியல் வகுப்பினர் அல்லாதவர் கையில் அது செல்லாது.

கட்டடச் சட்டத்தில் முதலில் யுடிஎஸ், பிரிக்கப்படாத நிலப்பங்கு. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி நிலத்தில் 4,800 சதுர அடி கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஃபிளாட் 1,000 சதுர அடி. பங்கு 500 சதுர அடி வர வேண்டும். பில்டர் மொட்டை மாடியில் அனுமதியில்லாமல் இன்னும் 1,000 சதுர அடி ஏற்றி விற்றால் கட்டடம் 5,800 ஆகிறது, உங்கள் பங்கு கணக்குப்படி 414 ஆக இளைக்கிறது. அல்லது உங்கள் பத்திரத்தில் 500 என்றே இருக்க, எல்லோர் பத்திரத்தையும் கூட்டினால் 2,400ஐத் தாண்டுகிறது. இரண்டாவதுதான் மோசம், இடித்துக் கட்டும் நாளில் வெடிக்கும். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் மறுகட்டுமானம் நடக்கலாம் என்பதால் அந்த நாள் முன்பு போல் எட்டாத தூரத்தில் இல்லை. அனுமதி வரைபடத்தை வாங்கி, மாடிகளை எண்ணுங்கள், கார் நிறுத்துமிடத்தில் கடை முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த வந்த 113-சி பிரிவு, 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். “பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்பது அதற்குப் பிந்தைய கட்டடத்துக்கு வெறும் ஆறுதல் வார்த்தை.

கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் 500 சதுர மீட்டர் நிலத்தையோ எட்டு வீடுகளையோ தாண்டினால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வேண்டும். ஒப்பந்தம் பதிவாகாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க பில்டருக்கு உரிமையில்லை. கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருடம் அவரே பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள்தான் புக்கிங் கழிவுக்கு ஆசைப்பட்டு 30, 40 சதவீதத்தை முன்னாலேயே அனுப்பிவிடுகிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் தெரியும் மனை என்றால் இன்னொரு அடுக்கு. உயர் ஓத எல்லையிலிருந்து (ஓதத்தில் கடல்நீர் ஏறித் தொடும் கோடு) 500 மீட்டர் கடலோர ஒழுங்காற்று மண்டலம். ஊர்ப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டடமே கூடாத பகுதி; மக்கள் அடர்ந்த ஊர்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது 2019ஆம் ஆண்டு அறிவிக்கை. ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதி இதற்கு ஈடாகாது. கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடித் தொகுப்புகளுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது. வரி கட்டிக் குடியிருந்தார்கள். கடலோர விதி மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

விற்கும்போது டிடிஎஸ், அதாவது வாங்குபவர் விலையிலேயே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விற்பவர் இங்கு வசிப்பவராக இருந்து விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் விலை எவ்வளவு சிறியதானாலும் பிடிக்க வேண்டும், அதுவும் மூலதன ஆதாய வரி விகிதத்தில். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு அது 12.5 சதவீதம், மேலே கூடுதல் வரியும் செஸ்ஸும். ஒரு கணக்கு: 1.2 கோடிக்கு விற்கிறீர்கள், லாபம் 30 லட்சம், வேறு வருமானம் இல்லை. லாபத்துக்கு உண்மையான வரி செஸ்ஸோடு 3.90 லட்சம். ஆனால் குறைவாகப் பிடித்தால் போதும் என்று வரித்துறை தரும் குறைந்த பிடித்தச் சான்று இல்லையென்றால் வாங்குபவர் முழு விலையிலும் 14.95 சதவீதம், அதாவது 17.94 லட்சம் பிடித்துக் கட்டுவார். மிச்சம் 14.04 லட்சத்துக்கு வரிக்கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கு, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் சலுகை இங்கு வசிப்பவருக்கு மட்டும், என்ஆர்ஐக்கு இல்லை.

வாங்குபவர் விவரம் தெரியாமல் 1 சதவீதம் மட்டும் பிடித்தால் மீதிக்கு வரித்துறை அவர் கழுத்தைத்தான் பிடிக்கும். அதனால் விவரமறிந்த வாங்குபவர்கள் என்ஆர்ஐ சொத்து என்றாலே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இதற்கு மருந்து, விற்பனை ஒப்பந்தம் போட்ட கையோடு ஆடிட்டர் மூலம் குறைந்த பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பிப்பது. வாங்கிய பத்திரம், பணம் கட்டிய ஆதாரம், ஒப்பந்த நகல், பழைய வரிக்கணக்குகள் கேட்பார்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. விண்ணப்பத்தில் பழைய எண்ணையே போட்டுவிடாமல் ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சான்று வர வாரக்கணக்கில் ஆகும். ஒப்பந்தத்தில் கிரயத்துக்கு மூன்று மாதத் தவணை எழுதி, “சான்று வந்த பின்னரே கிரயம்” என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.